மூடி யந்திரத்துக்கு வேண்டும். பழி தொழிலாளிக்கு வேண்டாம்!

ஸ்ரீமதுரையில் காலையில் பறித்த பச்சைக் கொழுந்து அன்றே லாரி ஏறி பாக்டரிக்குப் போகிறது. கொழுந்து பறித்த கூலிப் பெண்ணும், இரவு ஷிப்டில் அதை அரைக்கும் தொழிலாளியும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆயினும் இருவர் உழைப்பும் ஒரே யந்திரத்தில்தான் சேருகிறது.

சி.டி.சி. யந்திரத்தில் பல் வெட்டிய இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழல்கின்றன. ஒன்று நிமிஷத்துக்குச் சுமார் 70 சுற்று. மற்றொன்று சுமார் 700 சுற்று. இடையில் விழும் இலை நசுங்கிக் கிழிந்து சுருள்கிறது. இலை எது, விரல் எது என்று யந்திரத்துக்குத் தெரியாது. ஓடுகிற பெல்ட்டும் செயினும் பல்சக்கரமும் அப்படித்தான். சேலைத் தலைப்பு சிக்கினாலும் இழுத்துக் கொள்ளும்.

விபத்து நடந்ததும் நிர்வாகம் என்ன சொல்கிறது? “தொழிலாளியின் கவனக்குறைவு!” எட்டு மணி நேரமும் ஒரு நொடிகூடக் கவனம் சிதறாத மனிதன் உலகில் உண்டா? கொழுந்து மலைபோல் குவியும் மாதத்தில், “நிறுத்தாதே, ஓட்டு” என்று அவசரப்படுத்துவது யார்? மனிதன் தவறினாலும் அவன் கை தப்ப வேண்டும். அப்படி யந்திரத்தை அமைப்பதற்குப் பெயர்தான் பாதுகாப்பு.

1948-ம் ஆண்டு பாக்டரிச் சட்டம் இதைத் தெளிவாகச் சொன்னது. அபாயகரமான பாகங்களுக்கு உறுதியான தடுப்பு வேண்டும் என்றது 21-வது பிரிவு. ஓடும் யந்திரத்தின் அருகே பயிற்சி இல்லாதவரை விடக்கூடாது என்றது 22-வது பிரிவு. அந்தச் சட்டத்தின் இடத்தில், 2020-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய பாதுகாப்பு, சுகாதார, வேலை நிலைமைத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்தது.

புதிய சட்டத்தில் நமக்கு உதவக்கூடியதும் இருக்கிறது. வேலையிடத்தில் அபாயம் இல்லாமல் செய்வது முதலாளியின் கடமை. பேராபத்து நேரும் என்று தொழிலாளி நியாயமாக அஞ்சினால், முதலாளிக்கும் இன்ஸ்பெக்டருக்கும் உடனே தெரிவிக்கலாம். கடமை தவறியதால் உயிர் போனால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் ஓட்டைகளும் இருக்கின்றன. மின்சக்தி உள்ள இடத்தில் 10 பேர் இருந்தால் பாக்டரி என்பது பழைய கணக்கு. இப்போது 20 பேர் வேண்டும். யந்திரத் தடுப்பு பற்றிய விவரங்கள் சட்டத்திலிருந்து விதிகளுக்கும் தரநிர்ணயங்களுக்கும் தள்ளப்பட்டுவிட்டன. இன்ஸ்பெக்டருக்கு வழிகாட்டி என்ற வேஷமும் சேர்ந்துவிட்டது. ஆகவே அவர் வருவார், பார்ப்பார் என்று காத்திருப்பது ஆபத்து. நாமே பார்க்க வேண்டும்.

எதைப் பார்ப்பது? உருளைக்கும் பெல்ட்டுக்கும் போல்ட் போட்ட மூடி இருக்கிறதா? மூடியைத் திறந்தால் யந்திரம் தானாக நிற்கிறதா? நிற்குமிடத்திலிருந்தே எட்டும் தூரத்தில் சிவப்பு நிறுத்து பொத்தான் இருக்கிறதா? சுத்தம் செய்யும்போது மெயின் சுவிட்சைப் பூட்டி, சாவியைச் சுத்தம் செய்பவரே வைத்திருக்கிறாரா? வேகம் குறைகிறது என்று கழற்றிய மூடி எந்த மூலையில் துருப்பிடித்துக் கிடக்கிறது? ஒவ்வொரு ஷிப்டிலும் இருவர் பார்த்து, எழுதி, கையெழுத்திட்டு நிர்வாகத்திடம் கொடுக்கட்டும். ஒரு நகலை யூனியனிடம் வைக்கட்டும். தொழிலாளர் பிரதிநிதிகள், நிர்வாகப் பிரதிநிதிகளுக்குக் குறையாத எண்ணிக்கையில் இடம்பெறும் பாதுகாப்புக் கமிட்டி அமைக்க உத்தரவிடும் அதிகாரம் சர்க்காருக்கு உண்டு. அந்த உத்தரவைக் கேட்டு வாங்குவோம்.

“பணத்துக்கு எங்கே போவது?” என்பார்கள். மூடிக்கு ஆகும் இரும்பின் விலை, ஒரு கையின் விலையைவிடக் குறைவுதான். அந்தச் செலவைக் கொழுந்து விலையில் பிடிக்கவும் விடக்கூடாது. நீலகிரியில் இண்ட்கோசர்வ் இணையத்தின் கீழ் இருப்பவை கூட்டுறவுத் தொழிற்சாலைகள். அவற்றின் அங்கத்தினர்கள் சிறு விவசாயிகள். பாதுகாப்புக் கருவிகளுக்கு சர்க்கார் உதவ வேண்டும் என்று அவர்களும் பொதுக்குழுவில் குரல் கொடுக்க வேண்டும்.

கொழுந்து பறிக்கும் கையும் யந்திரம் ஓட்டும் கையும் இந்தக் கோரிக்கையில் சேரட்டும். விரல் போனபின் கிடைக்கும் நஷ்ட ஈடு விரலாகாது. அடுத்த ஷிப்டு தொடங்குமுன் மூடியைப் போடச் செய்வோம்!