மேலும் வாசிக்க

இலக்கிய வட்டத்தில் எனக்குக் கிடைக்கும் மரியாதை என் கட்டுரைகளால் வந்ததல்ல. “தம்பி, நம்ம பத்திரிகைக்கு ஒரு வெப்சைட் போட்டுக் குடுத்துருப்பா” என்று கேட்டால் மறுக்காதவன் என்பதால் வந்தது. பத்து வருடத்தில் ஆறு சிற்றிதழ்களுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஐந்து வேர்ட்பிரஸ், ஒன்று என் மேதாவித்தனம், அதைப் பிறகு சொல்கிறேன். சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தால் ஞாயிறு இரவு தளம் தயார். ஆசிரியர் ஃபேஸ்புக்கில் அறிவிப்பார், எல்லோரும் வாழ்த்துவார்கள், நான் திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போய்விடுவேன்.

அந்த ஆறில் இன்று திறப்பவை இரண்டு.

ஒன்றின் முகவரியைத் தட்டினால் ஆன்லைன் ரம்மி வருகிறது. 2014-ல் நான் போட்டுக்கொடுத்த இதழ் அது. டொமைன் என் நண்பன் ஒருவனின் மின்னஞ்சலில், அவன் கார்டில் இருந்தது. அவன் வேலை மாறினான், ஊர் மாறினான், அந்த மின்னஞ்சலைத் திறப்பதையே விட்டுவிட்டான். கார்டும் காலாவதியானது. ஒரு டாட் காம் முகவரி ஒரே ராத்திரியில் கையைவிட்டுப் போவதில்லை. சாதாரணமாகப் புதுப்பிக்க 45 நாள் வரை அவகாசம் தரலாம். அதற்குப் பிறகும் கூடுதல் காசு கட்டி மீட்க 30 நாள் உண்டு. அப்புறம் 5 நாள் கழித்துத்தான் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி விடுபடும். இத்தனை நாளும் எச்சரிக்கைக் கடிதங்கள் வந்துகொண்டேதான் இருந்திருக்கின்றன, யாரும் படிக்காத ஒரு இன்பாக்ஸுக்கு.

பேக்கப் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. தினமும் ராத்திரி தானாக எடுக்கும் பிளகின் ஒன்றைப் போட்டிருந்தேன். எடுத்ததை அதே சர்வரில் வைத்துக்கொண்டிருந்தது. மாற்றுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்த கதை. போட்டவன் பொறியியல் பட்டதாரி.

இந்த மாதிரிச் சாவுகளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘டெக்னிக்கல் பிராப்ளம்’. எனக்கு இந்த வார்த்தையின்மேல்தான் கோபம். சர்வர் வெடிக்கவில்லை, ஹேக்கர் யாரும் வரவில்லை. பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியை ஏழு வருடமாக யாரும் கேட்கவில்லை. இதில் டெக்னிக்கல் எங்கே இருக்கிறது?

என் தொழில்காரர்கள் உடனே வேர்ட்பிரஸ்மேல் பாய்வார்கள். பழசு, பாரம், ஓட்டை. ஹியூகோ மாதிரி ஒன்றைப் போட்டு, எல்லாவற்றையும் வெறும் கோப்பாக கிட்டில் வை என்பார்கள். நானும் அந்தக் கட்சியில் இருந்தவன்தான். என் மேதாவித்தனம் என்றேனே, அது இதுதான். ஆசிரியர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இரண்டு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவது வாரம் போன் செய்தார்: “தம்பி, ஒரு ஒற்று விட்டுப்போச்சு. ஒரே ஒரு க். அதப் போடணும்னா அந்தக் கறுப்பு ஸ்கிரீன்ல என்னப்பா அடிக்கணும்?” மூன்று இதழோடு தளம் நின்றது. தப்பு என்னுடையது. ஒரு க் போடுவதற்கு ஆசிரியர் பொறியாளனுக்குப் போன் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் வேர்ட்பிரஸ் வகை மென்பொருள்களே இருக்கின்றன. எழுதுகிறவர் எழுதட்டும், தளம் தன்னைத் தானே அடுக்கிக்கொள்ளட்டும். இது சின்ன விஷயமில்லை.

வேர்ட்பிரஸ் பிறந்த கதையும் நமக்கு உறைக்க வேண்டியது. பி2 என்ற வலைப்பதிவு மென்பொருளை எழுதியவர் அதைத் தொடரவில்லை. அதை நம்பியிருந்த மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003-ல் அந்த நிரலையே எடுத்து வளர்த்தார்கள். யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. நிரலின் பிரதி எல்லோரிடமும் இருந்தது, தொடர்வதற்கு உரிமமும் அனுமதித்தது. மென்பொருளுக்கு இந்தக் கொடுப்பினை இருந்தது. அதற்குள் நாம் போட்ட கவிதைகளுக்கு இல்லை.

ஆக என் சண்டை வேர்ட்பிரஸோடு இல்லை, அதன் தலையில் நாம் ஏற்றும் சுமையோடு. அடிப்படையில் ஒரு கட்டுரை என்பது டேட்டாபேஸ் அட்டவணையில் ஒரு வரிசை. எவ்வளவு மோசமான நிலையிலும் அதைத் தோண்டி எடுத்துவிடலாம். ஆனால் ஆசிரியருக்கு நகரும் படங்கள் வேண்டும், எனக்கு ஞாயிறு இரவுக்குள் முடிக்க வேண்டும். ஒரு பேஜ் பில்டரைப் போடுகிறேன். அது கட்டுரையைத் தன் சொந்தக் குறிகளுக்குள் வைத்துக்கொள்கிறது. நாளைக்கு அதன் உரிமம் முடிந்து அணைத்தால், பல பில்டர்களில் ஒவ்வொரு பத்திக்கும் முன்னும் பின்னும் சதுர அடைப்புக்குறிகள் எறும்புப் புற்று மாதிரி கிளம்பும். பழைய இதழ்களைக் காட்ட ‘மேலும்’ என்றொரு பொத்தான். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷின் வந்து பிரதி எடுக்கும்போது அந்தப் பொத்தானை அழுத்தாது. பொத்தானுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் அதற்கு இல்லாத எழுத்து.

தமிழுக்கென்றே சில தண்டனைகளும் உண்டு. மைஎஸ்கியூஎல் 2018-ல் 8.0 பதிப்பு வரும்வரை இயல்பாக வைத்திருந்தது லத்தீன் எழுத்துருவாக்கம். பழைய சர்வரிலிருந்து கவனமில்லாமல் மாற்றினால் ஒரு நாவல் அத்தியாயம் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். கேள்விக்குறியானது திரும்பத் தமிழாகாது. ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்தால் எல்லாம் வந்துவிடும் என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. அந்தக் கோப்பில் எழுத்து வரும். படங்கள் வராது, அவற்றின் முகவரி மட்டும் வரும். சர்வர் செத்தபின் அந்த முகவரியை வைத்து என்ன செய்வது?

மதுரைத் திட்டம் 1998-லிருந்து நடக்கிறது. பார்க்க அழகில்லை என்று நம்மாட்கள் உதடு பிதுக்குவார்கள். திறந்தால் எழுத்து இருக்கிறது. ஈழத்து நூல்களைச் சேர்க்கும் நூலகம் தளம் மீடியாவிக்கியில் ஓடுகிறது, அதுவும் உள்ளடக்க மேலாண்மைதான். ஆனால் பின்னால் ஒரு அறக்கட்டளை நிற்கிறது. சிற்றிதழுக்கு அறக்கட்டளை முடியாது, சரி. இரண்டு பேர் பெயரில் பாஸ்வேர்டு வைக்கக்கூடவா முடியாது? காசில்லை என்று சொல்லாதீர்கள். வெளியீட்டு விழா பேனருக்கு இருந்ததே.

அச்சுக்காலத்தில் எந்த ஆசிரியர் வீட்டிலும் பைண்டு செய்த தொகுதி ஒன்று பரணில் இருக்கும். இப்போது ஆசிரியர் நேராகத் தளத்தின் பெட்டியிலேயே தட்டுகிறார். எழுதுகிற நீங்களும் போனில் தட்டி, வாட்ஸாப்பில் அனுப்பி, இடம் போதவில்லையென்று அழித்துவிடுகிறீர்கள். உங்கள் முதல் கதையின் மூலப்பிரதி இப்போது எங்கே இருக்கிறது? லிங்க் இருக்கு என்று சொல்லாதீர்கள், கதை எங்கே?

இப்போதெல்லாம் யார் கேட்டாலும் முதலில் டொமைன் இதழின் சொந்த மின்னஞ்சலில் பதிவாக வேண்டும் என்கிறேன். வேர்ட்பிரஸோடு வரும் சாதாரண தீம்தான், பில்டர் கிடையாது. இதழ் வெளிவந்த அன்றே எல்லாப் படைப்பும் வெறும் உரைக்கோப்பாக, படங்களோடு, மூன்று பேர் வீட்டு ஹார்டு டிஸ்குக்குப் போக வேண்டும். “ரொம்ப கெடுபிடி பண்றான்பா” என்று இருவர் வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார்கள்.

ரம்மி ஆடும் அந்த முகவரியில் ஒரு கவிஞர் எழுதிக்கொண்டிருந்தார். தொகுப்பு போடவில்லை, 2019-ல் இறந்துவிட்டார். போன வருடம் அவர் மனைவி ஆசிரியரிடம் கேட்டார், ஆசிரியர் என்னிடம் கேட்டார். நாற்பது கவிதைக்குமேல் வந்ததாக ஆசிரியருக்கு ஞாபகம். கவிஞரின் போனைத் திறக்கும் பேட்டர்ன் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. வேபேக் மெஷினில் நான்கு ராத்திரி தேடியதில் பதினொன்று முழுதாகக் கிடைத்தன, அச்செடுத்துக் கொடுத்தேன். பன்னிரண்டாவது முகப்புப் பக்கத்தில் மாட்டியிருந்தது. தலைப்பும் முதல் நான்கு வரியும் இருந்தன. கீழே, நான் தேர்ந்தெடுத்த தீமில், நான் தேர்ந்தெடுத்த சிவப்பு நிறத்தில், ‘மேலும் வாசிக்க’.