ஃப்ரேம் இல்லாத கதவு... காருக்கு சன் ஃபிலிம் ஒட்டலாமா? சட்டம் சொல்வது என்ன, ஒட்டும்போது சிக்கல் எங்கே?

வெயில் ஏற ஆரம்பித்தாலே கார் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "கண்ணாடிக்கு சன் ஃபிலிம் ஒட்டிடலாமா? போலீஸ் பிடிக்குமா?" கடைக்காரரைக் கேட்டால் "இப்போ லீகல் சார், தாராளமா ஒட்டலாம்" என்பார். பக்கத்து வீட்டுக்காரரோ, "சுப்ரீம் கோர்ட்டே தடை போட்டிருக்கு, வீணா ஃபைன் கட்டாதீங்க" என்பார். ரெண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அதுதான் குழப்பமே.

இதில் ஃப்ரேம்லெஸ் டோர் கார் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி. மினி கூப்பரின் 3 டோர் மாடல், ஃபோர்டு மஸ்டாங், 2025 ஜூலையில் மும்பையில் அறிமுகமான டெஸ்லா மாடல் ஒய் போன்ற கார்களில் கதவைத் திறந்தால் கண்ணாடி மட்டும் தனியாக நிற்கும். அதைச் சுற்றி மேலே சட்டம் எதுவும் இருக்காது. பார்க்க அழகுதான். ஃபிலிம் ஒட்டுபவருக்குத்தான் வேலை கூடுது.

2012-ல் என்ன நடந்தது?

காரின் முன், பின் கண்ணாடிகள் வழியே குறைந்தது 70 சதவீத வெளிச்சமும், பக்கவாட்டுக் கண்ணாடிகள் வழியே குறைந்தது 50 சதவீத வெளிச்சமும் ஊடுருவ வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 100-வது விதி சொல்வது இது. அவிஷேக் கோயங்கா தொடர்ந்த பொதுநல வழக்கில், 2012 ஏப்ரல் 27-ம் தேதி உச்ச நீதிமன்றம் இதைவிடக் கடுமையாகப் போனது. கண்ணாடியை நிறுவனமே இந்த அளவில் தயாரித்துப் பொருத்தலாம். அதன் மேல் தனியாக ஃபிலிம் எதையும் ஒட்டக் கூடாது, அது எத்தனை சதவீத ஃபிலிமாக இருந்தாலும் சரி என்றது. காரணம், அன்றைய விதியில் 'கண்ணாடி' பற்றித்தான் பேச்சு இருந்தது, ஒட்டப்படும் பொருள் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நடக்கும் குற்றங்கள்தான் அந்த வழக்கின் மையம். அதே ஆண்டு டிசம்பர் 16-ம் தேதி இரவு டெல்லியில் அந்தக் கொடூரம் நடந்த பேருந்திலும் கறுப்பு ஃபிலிமும் திரைச்சீலையும் இருந்தன. தீர்ப்பு வந்து எட்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. 'வெயிலுக்குத்தானே ஒட்டுறோம், இதுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி' என்று சலித்துக்கொள்பவர்கள் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

அப்புறம் எது மாறியது?

விதியே மாறியது. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், கண்ணாடியோடு 'சேஃப்டி கிளேசிங்' என்பதும் 100-வது விதிக்குள் வந்தது. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐஎஸ் 2553 தரத்தின்படி, உள்பக்கம் பிளாஸ்டிக் ஃபிலிம் கொண்ட கண்ணாடியும் அதில் அடங்கும். ஆனால் 70, 50 என்ற அளவுகள் அப்படியே இருக்கின்றன.

இதை வைத்துத்தான் 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி என்.நகரேஷ் தீர்ப்பளித்தார். 'கார் நிறுவனம்தான் ஃபிலிம் பொருத்தலாம், உரிமையாளர் ஒட்டக் கூடாது' என்ற அதிகாரிகள் தரப்பு வாதத்தை அவர் ஏற்கவில்லை. அளவுக்கு உட்பட்ட ஃபிலிமுக்கு அபராதம் விதிக்க முடியாது என்றார்.

சரி, தமிழ்நாட்டுக்கு இது பொருந்துமா? விதி மத்திய அரசின் விதி, நாடு முழுக்க ஒன்றுதான். ஆனால் கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு தமிழ்நாட்டு அதிகாரிகளை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. இங்கே வாதத்துக்குத் துணையாகக் காட்டலாம், அவ்வளவுதான். சிக்னலில் நிறுத்தும் காவலரிடம் தீர்ப்பின் நகலைக் காட்டி ஜெயிப்பது வேறு, நீதிமன்றத்தில் ஜெயிப்பது வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 177-வது பிரிவின்படி முதல் முறை 500 ரூபாய், அடுத்தடுத்த முறை 1,500 ரூபாய் வரை அபராதம். 500 ரூபாய்க்காக யார் கோர்ட்டுக்குப் போவார்கள்? அதனால்தான் இந்தக் குழப்பம் தீராமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

கடைக்காரர் சொல்லாத கணக்கு

"இது 50 சதவீத ஃபிலிம், சைடு கிளாஸுக்கு லீகல்" என்று சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். சட்டம் கேட்பது ஃபிலிமின் அளவை அல்ல. கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்த அளவை. கார் கண்ணாடியே முழு வெளிச்சத்தையும் விடாது. உதாரணத்துக்கு, 75 சதவீதம் விடும் கண்ணாடியில் 50 சதவீத ஃபிலிம் ஒட்டினால் கிடைப்பது 37.5 சதவீதம். இது சட்டவிரோதம். அதே கண்ணாடியில் 70 சதவீத ஃபிலிம் என்றால் 52.5, தப்பிக்கலாம். முன் கண்ணாடி இன்னும் கஷ்டம். 78 சதவீதக் கண்ணாடியில் 90 சதவீத ஃபிலிம் ஒட்டினால்தான் 70-ஐத் தாண்டும். அந்த ஃபிலிம் ஒட்டியதே வெளியே தெரியாது!

கறுப்பாக இருந்தால்தான் சூடு குறையும் என்பதும் சரியில்லை. நல்ல செராமிக் ஃபிலிம் வெளிச்சத்தை விட்டுவிட்டு, சூட்டைக் கொண்டுவரும் அகச்சிவப்புக் கதிரைத்தான் தடுக்கும். விலை கூடுதல். உலோகப் பூச்சு உள்ள ஃபிலிமை முன் கண்ணாடியில் ஒட்டினால் ஃபாஸ்டேக், ஜிபிஎஸ் சிக்னலில் தகராறு வரலாம்.

ஃப்ரேம்லெஸ் கதவில் என்ன பிரச்சினை?

சாதாரணக் கதவில் கண்ணாடியின் மேல் விளிம்பு சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். ஃபிலிமை ரெண்டு மில்லிமீட்டர் குறைத்து வெட்டினாலும் யாருக்கும் தெரியாது. ஃப்ரேம்லெஸ் கதவில் கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தானாகக் கீழே இறங்கும். கதவை மூடியதும் மேலே ஏறி, கூரையில் இருக்கும் ரப்பருக்குள் போய் உட்காரும். ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் இதே கதைதான்.

இப்போது ஃபிலிம் விளிம்பு வரை, அல்லது ஒரு முடி அளவு வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால்? ரப்பர் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். சில வாரங்களில் மேல் ஓரம் உரியத் தொடங்கும். அதனால் விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே நிறுத்துவதுதான் முறை. கதவைத் திறந்தால் அந்த இடைவெளி மெல்லிய கோடாகக் கண்ணில் படும். 'கோடு தெரியுதே, ஒழுங்கா வெட்டலையா' என்று சண்டை போடும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அந்தக் கோடு இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

அடுத்தது பசை காயும் நேரம். சோப்புத் தண்ணீர் அடித்துத்தான் ஃபிலிமை ஒட்டுகிறார்கள். உள்ளே மாட்டிய ஈரம் காய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும், மழைக்காலம் என்றால் இன்னும் கூடும். அதுவரை கண்ணாடியை இறக்காதீர்கள் என்பார்கள். ஃப்ரேம்லெஸ் காரில் இது எப்படி முடியும்? கதவைத் திறந்தாலே இறங்குதே! தேவையில்லாத கதவுகளை அந்த நாட்களில் தொடாமல் விடலாம். டிரைவர் பக்கம் தவிர்க்க முடியாது. கதவைத் திறந்ததும் கண்ணாடி முழுதாக இறங்கிய பிறகு மெதுவாகத் தள்ளுவது, மூடும்போது படாரென்று அடிக்காமல் இருப்பது, இவ்வளவுதான் செய்ய முடியும்.

ஒட்டும் இடத்திலேயும் கவனம் வேண்டும். கதவு திறந்திருக்கும்போது கண்ணாடிக்குப் பிடிப்பு கீழே மட்டும்தான். ரப்பர் பட்டையால் அழுத்தித் தேய்த்தால் ஆடும். கண்ணாடி முழுசா மேலே ஏற வேண்டும் என்பதற்காக, சிலர் கதவு ஓரத்தில் இருக்கும் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் மூடிவிடுவார்கள். கதவு மூடியிருப்பதாக நினைத்து கார் கண்ணாடியை ஏற்றிவிடும். நல்ல தந்திரம்தான். ஆனால் வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து அந்தக் கொக்கியை விடுவிக்க மறந்து கதவைச் சாத்தினால், பூட்டும் போச்சு, மேலே நிற்கும் கண்ணாடி கூரையில் இடித்து அதுவும் போச்சு. இறக்குமதி கார் என்றால் அந்த ஒரு கண்ணாடிக்காக எத்தனை வாரம் காத்திருக்க வேண்டுமோ.

எனவே கடையில் முதலில் கேட்க வேண்டியது விலையை இல்லை. "இதுக்கு முன்னாடி ஃப்ரேம்லெஸ் டோர் வண்டிக்கு ஒட்டியிருக்கீங்களா?" என்று கேளுங்கள். கதவுக்குள் இருக்கும் சுவிட்ச், ஸ்பீக்கர் மேல் தண்ணீர் வழியாமல் துணி போட்டு மூடுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பில்லில் ஃபிலிமின் பெயரும் ஒளி ஊடுருவும் சதவீதமும் எழுதி வாங்கி, ஆர்சி புத்தகத்தோடு காரிலேயே வையுங்கள். ஒட்டிய பிறகு மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்று பதில் வந்தால், வேறு கடை பார்க்கலாம்.