வாய் புதுசு, ஓட்டம் பழசு

2023இல் ஐபோன் 15 டைப்-சி வாயோடு வந்தபோது, ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் வென்றுவிட்டது என்று நாங்களும் கைதட்டினோம். பிறகுதான் விளங்கிச்சு, மாறினது வாய் மட்டும். உள்ளே டேட்டா ஓடுவது யூஎஸ்பி 2.0 வேகத்தில்: வினாடிக்கு 480 மெகாபிட். அது 2000ஆம் ஆண்டுச் சாமான், எங்களில் அநேகர் பிறக்க முதலே வந்தது. 15 ப்ரோவுக்கு மட்டும் 10 கிகாபிட். அதுக்கும் பெட்டிக்குள் தந்தது பழைய வேகக் கேபிள்தான்!

"எல்லாம் கிளவுட்தானே, ஆர் இப்ப வயர் குத்துறது?" என்பார்கள். நாங்கள் குத்துகிறோம். ஊரில் எடுத்த நேர்காணல் வீடியோக்கள் 64 ஜிபி. அதைக் கிளவுட்டில் ஏற்ற எங்கட டேட்டா பக்கேஜ் காணாது. இந்த வயரில் லப்டொப்புக்கு மாற்ற ஏட்டுக் கணக்குப்படியே பதினெட்டு நிமிடம்; உண்மையில் அரை மணித்தியாலம் இழுக்கும், நடுவில் அறுந்தால் திரும்பவும் முதலிலிருந்து. 2008இல் வந்த யூஎஸ்பி 3.0 என்றால் சில நிமிட வேலை.

விலை கூடுமாம். 48 மெகாபிக்சல் கமரா வைக்கக் காசு இருக்கு, எடுத்ததை வெளியே கொண்டுவர வழிவிடக் காசு இல்லையா? கிளவுட்டில் இடத்தை மாத வாடகைக்கு விடுவதும் இதே கம்பனிதான் என்பதைச் சும்மா சொல்லி வைக்கிறோம்.

ஐரோப்பியச் சட்டம் சார்ஜ் ஏறுவதோடு நின்றுவிட்டது. டேட்டா வேகத்தையும் அதில் எழுதவேண்டும். அதுவரைக்கும் பெட்டியின் முன்பக்கத்திலாவது பெரிய எழுத்தில் போடட்டும்: யூஎஸ்பி 2.0.