பிள்ளைகள் விஷயம் பிள்ளைகளோடு முடிவதில்லை

"பசங்கன்னா அப்படி இப்படித்தான் இருப்பாங்க. நாம அதைப் பெருசு பண்ணக் கூடாது." பள்ளியில் அடிபட்டு, அவமானப்பட்டு வரும் பிள்ளையின் பெற்றோருக்கு முதலில் கிடைக்கும் பதில் இதுதான். ஆசிரியர் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், பல வீடுகளில் அப்பாவே சொல்கிறார். கூடவே ஒரு பெருமை வேறு: "நாங்களும் இதையெல்லாம் தாண்டித்தானே வந்தோம், கெட்டா போயிட்டோம்?" நம் பிள்ளைகளை இந்த அளவுக்குக் கைவிட்ட நம்பிக்கை வேறொன்று இருக்குமா என்று தெரியவில்லை.

அந்தப் பெருமையையே முதலில் எடுத்துக்கொள்வோம். தாண்டி வந்தவர்கள் பேசுகிறார்கள். தாண்ட முடியாமல் போனவர்கள் பேச இங்கே இல்லை. ஒன்பதாம் வகுப்பில் வயிற்றுவலி, தலைவலி என்று லீவு போட்டுப் போட்டு, கடைசியில் டி.சி. வாங்கிக்கொண்டு மெக்கானிக் ஷெட்டுக்குப் போனவன் பழைய மாணவர் சந்திப்புக்கு வருவதில்லை. படிப்பு ஏறவில்லை, அதனால் நின்றுவிட்டான் என்பதோடு ஊர் அவனை மறந்துவிடுகிறது. எதனால் ஏறவில்லை என்று யாரும் கேட்டதில்லை.

கல்லூரியிலும் ஒரு காலத்தில் இதே பேச்சுதான். சீனியர் சீண்டினால் ஜூனியருக்குக் கூச்சம் தெளியும் என்றார்கள். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் பொன் நாவரசு சீனியர் ஒருவரால் கொல்லப்பட்ட பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது. ராகிங்கைத் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997இல் வந்தது. இரண்டாண்டு வரை சிறை. நாவரசுவைக் கொன்ற சீனியருக்குக் கீழ் நீதிமன்றம் கொடுத்த ஆயுள் தண்டனையை உயர் நீதிமன்றம் ரத்துசெய்ய, 2011இல் உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் நிலைநிறுத்தியது. இன்று எந்தக் கல்லூரி முதல்வரும் 'சும்மா விளையாட்டு' என்று வெளிப்படையாகச் சொல்லத் துணியமாட்டார். பள்ளிகளில் மட்டும் அதே வார்த்தை கூசாமல் புழங்குகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, பதினெட்டு வயது இளைஞனைவிட எந்த விதத்தில் உறுதியானவன்?

புகார் போனால் தலைமை ஆசிரியர் அறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இரண்டு பையன்களும் மேசைக்கு முன்னால் நிற்கிறார்கள். ஒருவன் நிமிர்ந்து நிற்கிறான், இன்னொருவன் தரையைப் பார்க்கிறான். "என்னடா பிரச்சினை உங்க ரெண்டு பேருக்குள்ள?" கேள்வியே இருவருக்கும் பொதுவாக விழுகிறது. அடித்தவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடிபட்டவன் வாய் திறக்க வேண்டும். "ஒண்ணுமில்ல சார்." வேறென்ன சொல்வான்? கை கொடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆளுக்கொரு மன்னிப்புக் கடிதம், அடிபட்டவனிடமும்தான். சாப்பாட்டு மணி அடித்ததும் குழாயடியில் அடுத்த சுற்று தொடங்குகிறது: "மாட்டியா விட்டே?"

சமபலம் உள்ள இருவர் மோதிக்கொண்டால் அது சண்டை. கை குலுக்கல் அதற்குப் போதும். நாலு பேர் சேர்ந்து ஒருவனைத் தினமும் குறிவைப்பது சண்டை ஆகாது. அங்கே சமாதானம் பேசுவது பலமுள்ளவன் பக்கம் நிற்பதுதான். அந்தத் துன்புறுத்தல் பாலியல் தொல்லையாக இருந்துவிட்டால், பேசி முடித்துவைக்கப் பள்ளிக்கு அதிகாரமே கிடையாது. தெரிந்தும் புகார் தராத நிறுவனத் தலைவருக்குப் போக்சோ சட்டத்தில் ஓராண்டு வரை சிறை உண்டு.

"அவங்களே பேசித் தீர்த்துக்குவாங்க" என்பது பெரும்பாலும் நடப்பதில்லை. கனடாவில் ஆய்வாளர்கள் பள்ளி விளையாட்டுத் திடல்களைக் கேமராவும் மைக்கும் வைத்துப் பதிவுசெய்தார்கள். துன்புறுத்தல் நடந்த பத்துத் தடவைகளில் கிட்டத்தட்ட ஒன்பதில் மற்ற மாணவர்கள் சுற்றி நின்றார்கள். குறுக்கே வந்தது ஐந்தில் ஒரு தடவைதான். ஆனால் அப்படி யாராவது வந்தபோது, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் பத்தே விநாடிக்குள் அது நின்றுவிட்டது. இதை நான் மிக முக்கியமான செய்தியாகப் பார்க்கிறேன். துன்புறுத்துகிறவனுக்குக் கூட்டம் வேண்டும், கூட்டத்தின் சிரிப்பு வேண்டும். தன்னை யார் கேட்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில் நிற்கிறவன் அவன். அந்தத் தைரியத்தைக் கொடுத்தது நாம்.

நம் ஊரில் இதோடு சாதியும் சேர்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படித்த மாணவர்களின் தொல்லையைப் பள்ளியில் சொன்ன பட்டியல் சாதி மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்களும் மாணவர்களே. "பார்த்தீங்களா, புகார் கொடுத்ததாலதான் வினை" என்று அப்போது பேசியவர்கள் உண்டு. அந்தப் பேச்சை மன்னிக்க முடியாது. அவன் வாய் திறந்தது சரி. வாய் திறந்த பிள்ளைக்கு அன்றைக்கு இரவு யார் காவல், எதிர்த் தரப்பின் வீட்டுக்கு யார் போய்ப் பேசுவது, வகுப்பில் நாளை என்ன செய்வது என்ற ஏற்பாடு நம் பள்ளிகளில் இல்லாததுதான் குற்றம். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை என்ற பரிந்துரையை வைத்தே ஊரெல்லாம் வாதாடியது. பள்ளிக்குள் பிள்ளைகளின் நலனைக் கவனிக்கத் தனி அலுவலர் வேண்டும் என்று அதே அறிக்கை சொன்னதைப் பற்றி எத்தனை பெற்றோர் கேட்டோம்?

பெரியவர்கள் இறங்கினால் மாற்றம் வரும். 1982 கடைசியில் நார்வேயின் வடபகுதியில் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமையே காரணம் என்று நம்பப்பட்டது. மறு ஆண்டே நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. உளவியலாளர் டான் ஓல்வேயுஸ் பெர்கன் நகரில் 42 பள்ளிகளில் செய்துகாட்டியதில் மாயமந்திரம் எதுவுமில்லை. இடைவேளையில் ஆசிரியர்கள் திடலில் நின்றார்கள். ஒவ்வொரு வகுப்பும் தனக்கென விதி வகுத்து வாரந்தோறும் உட்கார்ந்து பேசியது. துன்புறுத்தியவனிடமும் துன்பப்பட்டவனிடமும் தனித்தனியாகப் பேசினார்கள், பெற்றோரை அழைத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் துன்புறுத்தல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆசிரியருக்குப் பதிவேடும் 'எமிஸ்' இணையப் பதிவு வேலையும் கழுத்தை நெரிக்கிறது என்பது உண்மை. அதற்காகப் போராட வேண்டியது அரசோடு. பிள்ளையை விட்டுக்கொடுத்து அல்ல.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடம் உங்களுடையது. தனியார் பள்ளியென்றால் பெற்றோர் ஆசிரியர் கழகம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் தேர்ச்சி விகிதம் பேசுவதற்கு முன், இடைவேளையில் கழிப்பறைப் பக்கமும் சைக்கிள் ஸ்டாண்டிலும் யார் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். புகார் தரும் பிள்ளையைத் தனியாக வைத்து விசாரிப்பீர்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பதில் வரவில்லையென்றால் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. உங்கள் பிள்ளை அடிக்கிற கூட்டத்தில் இருந்தாலும் இதையே கேளுங்கள்.