தொட்டுப் படிக்கணும் டி.என்.ஏ.வை

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் டி.என்.ஏ. இருக்கிறது. முறுக்கிய ஏணி மாதிரி படம் இருக்கிறது. டாலி ஆடு இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: நம்ம புள்ளைகளோட கை. வாத்தியார் வாசிப்பார், புள்ளைக அடிக்கோடு போடும், பரீட்சையில் எழுதும், அதோடு மறக்கும். லேப் என்று ஒரு அறை இருந்தால் அதில் கண்ணாடி அலமாரி, அலமாரிக்குப் பூட்டு. "தொடாதே, ஒடச்சுப்புடுவே." இந்தத் 'தொடாதே'யை நாம் வேறு எங்கெல்லாம் கேட்டிருக்கிறோம் என்று இந்தப் பத்திரிகை வாசிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தொடாமல் படிப்பது பார்ப்பனியம் வகுத்த கல்வி. காதால் கேள், மனப்பாடம் பண்ணு, ஒப்பி. கையால் உழைக்கிறவனுக்குப் படிப்பு கிடையாது, படிக்கிறவன் கையை அழுக்காக்க மாட்டான். செத்த மாட்டை உரித்தவருக்கு நரம்பு எது, சவ்வு எது, ஈரல் எங்கே என்று கைக்குத் தெரியும். பிரசவம் பார்த்த நம்ம கிழவிகளுக்குத் தொப்புள்கொடியும் நஞ்சும் தெரியும். அந்த அறிவையெல்லாம் தீட்டு என்று ஊருக்கு வெளியே தள்ளிவிட்டு, அதே உடம்பைப் பற்றி எழுதிய புத்தகத்தை நம் கையில் கொடுத்து 'படி' என்கிறார்கள்.

டி.என்.ஏ. எங்கே அகப்பட்டது தெரியுமா? 1869இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்தில், பழைய கோட்டை ஒன்றின் சமையலறையாக இருந்த அறையில். பிரெடரிக் மீஷர் என்ற இளைஞர், ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டிக் கழற்றிப்போட்ட துணிகளை வாங்கிவந்து, அதில் ஒட்டியிருந்த சீழைக் கழுவி எடுத்தார். அந்தச் சீழில் இருந்த வெள்ளை அணுக்களின் உட்கருவிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து 'நியூக்ளின்' என்று பேர் வைத்தார். அதுதான் பின்னால் டி.என்.ஏ. ஆனது. சீழைத் தொட்ட கைக்குத்தான் அது கிடைத்தது. தீட்டுப் பார்த்திருந்தால் அந்தத் துணி குப்பைக்குப் போயிருக்கும்.

'அதுக்கெல்லாம் காசு ஏது, கருவி ஏது' என்பார்கள். ஒரு வாழைப்பழம் போதும். பிசைந்து, தண்ணீரில் உப்பும் கொஞ்சம் சோப்புத் திரவமும் கலந்து ஊற்றி, மெதுவாகக் கலக்கித் துணியில் வடிகட்ட வேண்டும். வடிந்த நீரில் நன்றாகக் குளிரவைத்த ஸ்பிரிட்டை டம்ளர் ஓரமாகச் சரித்து விட வேண்டும். பக்கத்தில் நெருப்பு கூடாது, அவ்வளவுதான். இரண்டும் சேருகிற இடத்தில் வெள்ளை வெள்ளையாய் நூல் திரளும். குச்சியால் சுற்றி எடுக்கலாம். செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது, அதைச் சோப்பு உடைக்கிறது. உப்பு டி.என்.ஏ. இழைகளைச் சேர்ந்து திரளவிடுகிறது. ஸ்பிரிட்டில் அது கரையாததால் வெளியே வந்துவிடுகிறது. எண்ணெய்ப் பாத்திரம் தேய்த்த புள்ளைக்கு இந்தப் பாடம் ஒரே நாளில் விளங்கும்.

'அரிச்சுவடியே தகராறு, சேரிப் புள்ளைக்கு எதுக்கு பயோடெக்னாலஜி' என்று இரக்கப்படுகிறவர்கள் இன்னும் மோசம். இவர்களுக்கு ஒரு ஊர்ப் பேரைச் சொல்ல வேண்டும்: வேங்கைவயல்.

2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. பிறகு டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் கொடு என்று வந்து நின்றார்கள். யாரிடம்? அந்தத் தண்ணீரைக் குடித்த சனங்களிடமும்தான். சிலர் மறுத்தார்கள். 2025 சனவரியில் குற்றப்பத்திரிகை தாக்கலானபோது அதில் இருந்த மூன்று பேரும் தலித்துகள். அந்த மக்கள் அதை ஏற்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் நம் கைக்கு எட்டாத டி.என்.ஏ., போலீசோடு வாசலுக்கு வருகிறது. ஆராய்கிறவர்களாக நாம் அதைத் தொடக் கூடாது, ஆராயப்படுகிறவர்களாகச் சட்டைக்கையை மடித்துக்கொண்டு உட்கார வேண்டும். இதுதான் இன்றைய தீண்டாமை.

ஒரு பத்தாம் வகுப்புப் பெண் தன் கையால் ஜெல் ஓட்டிப் பார்த்திருந்தால் என்ன கேட்பாள்? அகரோஸ் ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சினால் டி.என்.ஏ. நேர்முனைக்கு ஓடும், சின்னத் துண்டு முந்தும், பெரிய துண்டு பிந்தும் என்று அவளுக்குத் தெரியும். கை சுத்தமில்லாவிட்டால் வேறு ஆளோட டி.என்.ஏ. கலந்துவிடும் என்றும் தெரியும். அப்போது அவள் கேட்பாள்: மாதிரியை எப்போ எடுத்தீங்க? எத்தனை நாள் தண்ணிக்குள்ள கிடந்தது? எதோட எதை ஒப்பிட்டீங்க? இந்தக் கேள்விகளுக்கு அஞ்சுகிறவர்கள்தான் அலமாரியைப் பூட்டுகிறார்கள்.

'சாதி ரத்தத்திலேயே ஊறினது' என்பவன் இப்போது 'டி.என்.ஏ.விலேயே இருக்கு' என்கிறான். அறிவியலின் பேரால் இப்படிப் பேசுவதும் புதிதல்ல. அமெரிக்காவில் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் 1910 முதல் 1939 வரை, மனிதரில் நல்ல பிறப்பு கெட்ட பிறப்பு பிரிக்கும் அலுவலகமே நடந்தது. அதே ஊரின் ஆய்வுக்கூடம்தான் 1988இல், பள்ளிப் பிள்ளைகள் தாங்களே டி.என்.ஏ. சோதனை செய்ய ஒரு மையம் திறந்தது. இந்தியாவிலோ, 2013இல் வெளிவந்த மரபணு ஆய்வு, சுமார் 4200 முதல் 1900 ஆண்டுகளுக்கு முன்வரை இங்கே இருந்தவர்கள் கலந்தார்கள், பிறகுதான் அகமணம் இறுகியது என்கிறது. அகமணத்தின் தழும்பு டி.என்.ஏ.வில் தெரியும். உயர்வும் தாழ்வும் அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இதை நம் பிள்ளைகள் வாத்தியார் சொல்லி நம்ப வேண்டாம், தாங்களே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

2022 நவம்பரில் தமிழக அரசு வானவில் மன்றம் தொடங்கியது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் செய்து படிக்கட்டும் என்ற திட்டம், வரவேற்கிறோம். அது 6 முதல் 8 வகுப்புக்கு என்றே தொடங்கப்பட்டது. டி.என்.ஏ. பாடமோ பத்தாம் வகுப்பில். ஆகவே நாம் கேட்பது இவைதான். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலிருந்து தொடங்கி, 9, 10 வகுப்புகளில் ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் டி.என்.ஏ. எடுக்க வேண்டும். மைக்ரோபிப்பெட்டும் ஜெல் பெட்டியும் உள்ள பொது லேப் ஒன்று ஒவ்வொரு ஒன்றியத்திலும் வேண்டும். ஒடைந்தால் பிள்ளை தலையில் கட்டாமல் அரசே வாங்கித்தர வேண்டும். அகரோஸ் கடல்பாசியில் கிடைப்பது. ராமநாதபுரம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிற பெண்களின் பிள்ளைகள் அதைக் கண்ணால்கூடப் பார்க்காமல் பள்ளி முடிப்பது என்ன நியாயம்?

சாவியை அவர்கள் தரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நம்ம இரவுப் பள்ளியில், படிப்பகத்தில், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்குங்கள். உப்பும் சோப்பும் வீட்டிலேயே இருக்கிறது.