இன்னொருவர் கையெழுத்து

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் தங்கை மகன் போன் செய்தான். "மாமா, உங்க பேரன் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தையெல்லாம் ஒரு கிடார் பெடல்ல கொட்டப் போறானாம். நீங்க சொன்னாத்தான் கேப்பான்" என்றான். நாலு நாளாக அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சில்லை.

பேரனைக் கூப்பிட்டு, "இரைச்சலுக்கா இத்தனை காசு?" என்றேன். அவன் கோபப்படவில்லை. விளக்கினான்.

கிடாருக்கும் ஆம்பிளிஃபயருக்கும் நடுவே வைத்துக் காலால் மிதிக்கும் சின்னப் பெட்டி அது. ஒருவர் கையாலேயே பற்றவைத்துச் செய்வது. மேலே ஒரு கிடார் கலைஞரின் கையெழுத்து. உள்ளே இரண்டு சர்க்யூட். ஒன்று ஃபஸ், மற்றது ஓவர்டிரைவ். தனித்தனியாகவும் சேர்த்தும் வாசிக்கலாம். வேலியை அரிவாளால் தட்டையாக வெட்டுவதுபோல ஒலி அலையின் உச்சியை வெட்டுவது ஃபஸ். ஓரங்களை மழுக்கி உருட்டிவிடுவது ஓவர்டிரைவ்.

இந்த ஒலி பிறந்ததே ஒரு பழுதில்தான். அமெரிக்காவின் நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸ் பாட்டு ஒன்றைப் பதிவு செய்தபோது மிக்ஸிங் கருவியில் கோளாறு. கிடார் கரகரத்தது. அதை அழிக்காமல் 1961-ல் அப்படியே வெளியிட்டார்கள். 1962-ல் அந்தக் கரகரப்பைத் தரும் பெட்டியே விற்பனைக்கு வந்துவிட்டது. 1966-ல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸைத்தான் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மிதித்தார்.

விலையைப் பற்றி என் கருத்து மாறிவிட்டது. பழைய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. சூடு ஏறினால் குணமும் மாறும். ஒவ்வொன்றாக அளந்து, காதால் கேட்டு, ஜோடி சேர்க்க வேண்டும். அந்த உழைப்புக்குக் கூலி உண்டு. அதை ஏமாற்று என்று சொல்லக் கூடாது.

ஆனால் கையெழுத்து விஷயத்தில் பேரனோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கலைஞரின் விரல் பெட்டிக்குள் இல்லை. காப்பி நோட்டில் மேல்வரியைப் பார்த்து எழுதித்தான் நீங்கள் எல்லோரும் எழுதப் பழகினீர்கள். ஆனால் யாரும் கடைசிவரை மேல்வரியையே எழுதிக்கொண்டிருக்கவில்லை. அதனால் அவனிடம் ஒன்று கேட்டேன். ஃபஸ் ஃபேஸில் இருப்பது இரண்டு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், திருகுவதற்கு இரண்டு குமிழ். அவ்வளவுதான். முதலில் அதை நீயே செய்து வாசி. அதன் பிறகும் மனசு கேட்டால் அந்தப் பெட்டியை வாங்கு. சரி என்றான்.

மருமகனே, இனி உனக்கு. நீ பத்தாம் வகுப்பு படிக்கும்போது உன் மிருதங்கத்தைப் பரணில் போடச் சொன்னது நான்தான். பரீட்சை முடிந்து அதை இறக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நீயும் கேட்கவில்லை. அதே வார்த்தையை உன் பிள்ளையிடமும் சொல்ல என்னால் ஆகாது. அவன் உழைத்துச் சேர்த்த காசு அது. இன்றைக்கே அவனோடு பேசு.

பிள்ளைகளின் பாட்டையோ விளையாட்டையோ படிப்புக்காக நிறுத்திய பெற்றோர் இதைப் படித்தால், உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்