ஆய்வு நாளும் மற்ற நாட்களும்

ஆட்சியர் ஆய்வுக்கு வருகிறார் என்ற தகவல் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து கிளம்பினால் போதும். காலனி அங்கன்வாடியின் சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள். மாணவியர் விடுதியில் மாதக்கணக்கில் தண்ணீர் வராத குழாயில் ஒரே இரவில் தண்ணீர் வருகிறது. அன்றைக்குச் சாம்பாரில் பருப்பு தெரிகிறது. ஆய்வு முடிந்த மறுநாள் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. இதைப் படிக்கும் விடுதி மாணவர்களுக்கு இது புதிய செய்தியல்ல.

ஆய்வே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 2024 ஜனவரியில் தொடங்கிய ‘உங்களைத் தேடி உங்கள் ஊரில்’ திட்டத்தின்படி மாதம் ஒரு நாள் ஆட்சியர் ஒரு வட்டத்திலேயே தங்கி, எல்லாத் துறை அலுவலர்களுடனும் சென்று பார்வையிடுகிறார். பல துறைகள் ஒன்றாக வருவது நல்ல ஏற்பாடுதான். அந்த நாளுக்காக எதை ஆயத்தம் செய்கிறோம் என்பதே நம் கேள்வி.

நம் பிள்ளைகள் ஒரு துறையின் பொறுப்பில் மட்டும் இல்லை. ஆறு வயது வரை அங்கன்வாடி, அதாவது ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம். அதன்பின் பள்ளிக் கல்வித் துறை அல்லது ஆதிதிராவிடர் நலப் பள்ளி. விடுதிக்கு ஆதிதிராவிடர் நலத்துறை. உடல்நலத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையம். சாதிச் சான்றுக்கு வருவாய்த் துறை. ஆபத்து வந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு, காவல்துறை. ஒவ்வொரு துறையிடமும் ஒரு பதிவேடு இருக்கிறது. ஆனால் ஒரு குழந்தையின் முழுக் கதை எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

செங்கல் சூளைக்குப் போகும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பொங்கல் முடிந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பமே வெளி மாவட்டத்துக்குப் போகிறது. மூத்த பிள்ளையின் பெயருக்கு நேரே பள்ளியில் ‘நீண்ட நாள் விடுப்பு’ என்று எழுதுகிறார்கள். கைக்குழந்தையின் எடை ஊர் அங்கன்வாடியில் பதிவாகாது. சூளை இருக்கும் ஊரின் அங்கன்வாடியில் அதற்குப் பெயரே இருக்காது. தொழிலாளர் துறையினர் சூளைக்கு வந்தால் கூலிப் பட்டியலில் இருக்கும் பெரியவர்களை எண்ணிவிட்டுப் போகிறார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. இருந்தும், முன்பணத்துக்காகப் பெற்றோரோடு சேர்ந்து கல் அடுக்கும் பத்து வயதுப் பிள்ளை எந்தத் துறையின் கண்ணிலும் படுவதில்லை. அவரவர் பதிவேடு அவரவருக்குச் சரியாக இருக்கிறது. பிள்ளையைத்தான் காணவில்லை.

ஆகவே கூட்டு ஆய்வுக்கு வரும் அலுவலர்கள் முதலில் செய்ய வேண்டியது ஒன்று. ஒரு காலனியின் பிள்ளைகள் பட்டியலை எடுத்து, அங்கன்வாடி, பள்ளி, விடுதி, சுகாதார நிலையம் ஆகிய எல்லாப் பதிவேடுகளோடும் பெயர் பெயராக ஒப்பிட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் இருந்து மற்றோரிடத்தில் இல்லாத பெயர்தான் நீங்கள் தேடிப்போக வேண்டிய பிள்ளை. பழங்குடிச் சான்று கோட்டாட்சியரிடம் கிடப்பில் இருப்பதால் விடுதியிலும் உதவித்தொகையிலும் சேர முடியாத இருளர் பிள்ளையும் அப்படித்தான் வெளியே தெரிவார்.

இரண்டாவது, சாதியைப் பற்றிக் கேளுங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பிள்ளைகள் அடுத்தடுத்து நோயுற்றார்கள். குடிநீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகுதான் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரிந்தது. ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் வந்தபோது தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையும் கோயில் நுழைவு மறுப்பும் சேர்ந்தே வெளிவந்தன. குழந்தையின் வயிற்றுப்போக்கில் தொடங்கிய விசாரணை ஊரின் தீண்டாமையில் போய் நின்றது. சுகாதாரத் துறை தன் படிவத்தை மட்டும் நிரப்பிவிட்டுப் போயிருந்தால் அது நோயாகவே முடிந்திருக்கும். எந்தத் தெருப் பிள்ளைகள் அங்கன்வாடிக்கு வருவதில்லை, ஏன்? சமையல் செய்பவர் யார் என்பதால் யாராவது சாப்பிட மறுக்கிறார்களா? பிள்ளைகள் தனித்தனியாக உட்காருகிறார்களா? ஆய்வுப் படிவத்தில் இக்கேள்விகளுக்கு இடம் இல்லையென்றால் அந்தப் படிவம் பாதிதான்.

மூன்றாவது, விடுதி. இளைஞர் நீதிச் சட்டம் 2015, குழந்தைகள் இல்லங்களுக்கு ஒரு விதி வைத்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது, மூன்று பேருக்குக் குறையாத குழு பார்வையிட வேண்டும். அதில் ஒருவர் பெண், ஒருவர் மருத்துவ அலுவலர். நம் பிள்ளைகள் தங்கும் அரசு விடுதிகள் அந்தச் சட்டம் சொல்லும் இல்லங்கள் அல்ல. ஆனால் வீட்டை விட்டு வந்து அரசை நம்பித் தங்கும் பிள்ளைகள்தானே இவர்களும்? 2025 ஜூலையில் இந்த விடுதிகளுக்கு ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் சூட்டினார்கள். பெயரை வரவேற்கிறோம். அந்த மூன்று மாத விதியையும் இந்த விடுதிகளுக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்கிறோம்.

பள்ளி மாணவருக்கான உணவுப்படி 2023-இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆக உயர்ந்தது. நாள் கணக்கில் வகுத்தால் 47 ரூபாய்கூட வரவில்லை. அதற்குள் மூன்று வேளை. இந்தத் தொகை முழுவதும் தட்டுக்கு வருகிறதா என்பதை ஆய்வு நாள் சாப்பாட்டைச் சுவைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கொள்முதல் ரசீதையும் வருகைப் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். காப்பாளர் இல்லாத நேரத்தில் பிள்ளைகளோடு பேச வேண்டும். மாணவியரோடு பெண் அலுவலர் தனியாகப் பேச வேண்டும்.

ஊழியர்கள் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரே காப்பாளர் இரண்டு விடுதிகளைக் கவனிக்கிறார். ஒரே அங்கன்வாடிப் பணியாளர் இரண்டு மையங்களுக்கு ஓடுகிறார். எடை குறைந்த குழந்தை என்று உண்மையை எழுதினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வருகிறது. எடையைக் கூட்டி எழுதினால் பாராட்டு வருகிறது. குறையை மறைக்காமல் எழுதிய ஊழியரைத் தண்டிக்க மாட்டோம் என்று ஆய்வுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். காலியிடத்தை நிரப்பாமல் கடைசி ஆளைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்வது ஆய்வாகாது.

இனி நம் ஆயத்தம். அலுவலர்கள் வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை.

தாய்மார்கள் குழந்தையின் வளர்ச்சி அட்டையை மாதாமாதம் கேட்டுப் பார்க்கலாம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. ‘தானே சரியாகும்’ என்று விடாமல் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

விடுதி மாணவர்கள் தண்ணீர் இல்லாத நாள், காப்பாளர் தங்காத இரவு, முட்டை தராத வாரம் ஆகியவற்றைத் தேதியோடு குறித்து வையுங்கள். ‘எப்போதுமே இப்படித்தான்’ என்ற புகாரைத் தட்டிக்கழிப்பது எளிது. தேதி போட்ட பட்டியலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதைக் கொடுக்கும் வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டாமல் பெற்றோரும் படித்த இளைஞர்களும் ஏற்க வேண்டும். புகார் சொன்ன பிள்ளை பிறகு அங்கேதான் தூங்க வேண்டும்.

பாலியல் கொடுமை என்றால் ஆய்வு நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கும் விஷயம் அல்ல அது. தெரிந்தும் புகார் தராமல் இருப்பதே போக்சோ சட்டத்தில் குற்றம். 1098 எந்த நேரமும் இயங்கும் குழந்தைகள் உதவி எண். பள்ளி தொடர்பான உதவிக்கு 14417.

ஆய்வு முடிந்த பிறகுதான் முக்கியமான வேலை. என்ன கண்டார்கள், என்ன உத்தரவிட்டார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலை அடுத்த கிராம சபையில் எல்லோர் முன்னும் படியுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது என்றும் அங்கேயே கேளுங்கள்.

அலுவலர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை எங்கள் காலனிக்கு வரும்போது, போன முறை எழுதிய அறிக்கையைக் கையில் கொண்டுவாருங்கள். அதிலிருந்தே பேச்சைத் தொடங்குவோம்.